கோ-கோ ஸ்கூலுக்கு வந்த முப்பத்தேழாம் சைஸ் ஷூ

நேற்று சாயந்திரம் நம் குரூப்பில் அந்த போட்டோவைப் பார்த்தேன். ஸ்கூல் காம்பவுண்டு சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்களாம். நம் ஸ்கூலின் பெயர் சொல்லும் விளையாட்டு எதுவோ அதை அந்தச் சுவரில் படமாக வரையப் போகிறார்களாம். பழைய மாணவிகள் சொல்லுங்கள் என்று இப்போதைய தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டீர்கள். ஒருத்தி கோ-கோ என்றாள். இன்னொருத்தி, "கோ-கோலாம் நம்ம காலத்தோட சரி, அப்பறம் த்ரோபால்தான்டி" என்று சண்டைக்கு வந்தாள். ஒரு மகராசி பேண்டு வாத்தியம் என்றாள். அது விளையாட்டே இல்லை என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

கடைசியில் ஒருத்தி எங்கிருந்தோ தேடிப்பிடித்து அந்த போட்டோவைப் போட்டாள். மாவட்டத்தில் ஜெயித்த கோ-கோ டீம். கோப்பையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசையாக நிற்கிறார்கள், எல்லோர் காலிலும் பளபளவென்று கறுப்பு ஷூ. "பாருங்கடி, ஷூ ஊரு பொண்ணுங்கன்னா சும்மாவா! ஷூ போட்டு ஜெயிச்ச டீமு!" என்று கீழே எழுதியிருந்தாள். உடனே ஆளுக்கொரு பூங்கொத்து, ஆளுக்கொரு கைத்தட்டல். நானும் ஒரு கட்டை விரலைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்த போட்டோவில் நான் இல்லை. நீங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இல்லாத ஆளை எப்படிக் கவனிப்பது, உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அவர்கள் ஷூ போட்டு ஜெயிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேசி அனுப்பினால் பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சீரியல் பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆம்பூரில் அப்போது ஆண்கள் ஸ்கூல் என்றால் ஹாக்கி. நம் ஸ்கூல் என்றால் கோ-கோ. கடைத்தெருவில் போனால் மளிகைக்கடைக்காரரே, "இன்னாமா, கோ-கோ ஸ்கூலா?" என்று கேட்பார். இதற்கு யாரோ பெரிய திட்டம் போட்டார்கள் என்று நினைக்காதீர்கள். த்ரோபாலுக்கு வலை வேண்டும், பந்து வேண்டும். பேட்மிண்டனுக்கு மட்டை வேண்டும். கோ-கோவுக்கு இரண்டு கம்பமும் பொம்பளைப் பிள்ளைகளும் போதும். நம் ஸ்கூலில் பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பஞ்சமே கிடையாது. கம்பம் இரண்டும், இடிந்துபோன சைக்கிள் கொட்டகையிலிருந்து பிடுங்கி நட்ட மரங்கள். கோடு போடும் சுண்ணாம்பு, பக்கத்துத் தோல் ஷாப்பில் தோலை ஊறவைப்பதற்கென்று வரும் மூட்டையில் மிஞ்சியது. காலில் பட்டால் எரியும். கோடு போட்ட நாளில் கிரவுண்டுக்கு வந்தால் தோல் ஷாப் வாடையும் சுண்ணாம்பு வாடையும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும். வெளியூரிலிருந்து விளையாட வரும் டீமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். நமக்கு அது வாடையாகவே தெரியாது.

செருப்பை மரத்தடியில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடுவோம். ஊர் முழுக்க ஷூ கம்பெனி, உலகத்துக்கே இங்கேயிருந்து ஷூ போகிறது, நம் ஸ்கூலின் விளையாட்டோ வெறுங்கால் விளையாட்டு. அப்போது இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ஓடிப்போய்க் கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் திரும்பும்போது கால் விரல்கள் மண்ணைக் கவ்வ வேண்டும். இல்லாவிட்டால் பல் உடையும்.

கோ-கோ ஆட்டத்தை மறந்திருப்பீர்கள், ஞாபகப்படுத்துகிறேன். எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்ப்பாள். ஒன்பதாவது ஆள் எதிர் டீமைத் துரத்துவாள். அவளுக்கு முடியாதபோது உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி "கோ" என்பாள். தட்டு வாங்கியவள் எழுந்து பாய வேண்டும், தட்டியவள் அந்த இடத்தில் உட்கார வேண்டும். தட்டு விழும்வரை எழவே கூடாது. நான் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்காரும் ஆள். கை கால் நீளம், எட்டிப் பிடித்துவிடுவேன். ஒட்டடைக்குச்சி என்று நீங்கள் வைத்த பெயர் எனக்கு மறக்கவில்லை.

அந்தத் தட்டுக்காகத்தான் நான் கோ-கோ ஆடினேன். இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. நம் அத்தனை பேர் கையிலும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். ஆட்டம் முடிந்து பார்த்தால் ஊதா யூனிபார்ம் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கைத்தடம். தெருவில் போகும்போது பின்னால் வருகிறவர்களுக்கு அதைப் பார்த்ததுமே தெரியும், இது டீம் பிள்ளை என்று. மற்றவர்கள் வீட்டில் அதற்குத் திட்டு விழும். எங்கள் வீட்டில் திட்ட ஆள் கிடையாது. நான் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி முதுகுப் பக்கத்தைத் திருப்பி, எத்தனை கை இருக்கிறது என்று பார்ப்பேன். துவைக்க மனசே வராது.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும், ரயில்வே லைனைத் தாண்டி ஒற்றை அறை. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. நான் எழுந்திருக்கும்போது கம்பெனி வண்டி அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். அடுப்பு மேடையில் சோறு மூடி வைத்திருப்பாள். ஸ்கூல் விட்டு வந்தால் பூட்டு தொங்கும். ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, இல்லாத நாளே கம்மி. அதனால்தான் மணி அடித்ததும் நீங்களெல்லாம் வீட்டுக்கு ஓடும்போது நான் கிரவுண்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பி.டி. டீச்சர் என்னைப் பெரிய ஆர்வக்காரி என்று நினைத்து எல்லோரிடமும் பாராட்டுவார். வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு நின்றவளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், பாவம்.

அம்மா வரும்போதே சொல்யூஷன் வாசனை முன்னால் வரும். ஷூ ஒட்டுகிற பசை. அவள் விரல்களில் அது காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பசையை மெல்ல உரிப்பேன். சில நாள் முழு விரலுக்கும் உறை கழன்றது போல ஒரே துண்டாக வரும். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

ஒன்பதாவது படித்த வருஷம் நாம் ஏரியாவில் எல்லா ஸ்கூலையும் ஜெயித்தோம். அடுத்தது மாவட்டப் போட்டி, வேலூரில். செய்தி அம்மாவின் லைன்வரை போய்விட்டது. அங்கே ஒரு அம்மா கேட்டிருக்கிறாள், "ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிற, உம் பொண்ணு வெறுங்கால்ல ஓடுதாமே?" விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பாள். எங்கம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

ஒரு நாள் அம்மா வெளிச்சம் இருக்கும்போதே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மேனேஜர்கிட்ட கேட்டேன்டி."

"இன்னாது கேட்டே?"

"ஷூ. உங்க டீமுக்கே ஷூ. சாம்பிள் ரூம்ல புதுசு சும்மா கெடக்குது, ஆர்டர் முடிஞ்சிடுச்சு, நம்ம ஊரு பொண்ணுங்களுக்குக் குடுங்க சார்னு கேட்டுட்டேன். மொதல்ல ரூல்ஸு பேசினாரு. கால்ல விழாத கொறையா நின்னேன். சரின்னுட்டாரு."

"நீயா கேட்டே?"

"பின்ன யாரு? உங்கப்பனா?"

என்னால் நம்பவே முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவாள். சூப்பர்வைசர் நடந்து வந்தால் தலையைக் குனிந்துகொள்ளும் ஆள். அவள் மேனேஜர் ரூமுக்குள் போய் நின்றிருக்கிறாள் என்றால், அது எனக்காக. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

சாம்பிள் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரனிடம் காட்டி ஆர்டர் பிடிப்பதற்கு முதலில் செய்து வைக்கிற ஷூ. லேடீஸ் ஷூ என்றால் சாம்பிள் எல்லாமே முப்பத்தேழாம் சைஸ்தான். ஆர்டர் வந்த பிறகுதான் மற்ற சைஸ் எல்லாம் போடுவார்கள். லைனில் வருஷக்கணக்காக அதையே பார்த்துப் பார்த்து, பெண் பிள்ளைகள் கால் என்றாலே முப்பத்தேழு என்று அம்மாவுக்கு மனசில் பதிந்துவிட்டது. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். யாரும் நம் காலை வந்து பார்க்கவில்லை.

ஷூ வந்த நாள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கம்பெனி ஜீப் பிரேயருக்கே வந்துவிட்டது. அப்போதைய எச்.எம். அம்மா மைக்கில் நன்றி சொன்னார். டீமை மேடை முன்னால் வரிசையாக உட்காரவைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கால் சின்னதாக இருந்தவர்கள் நுனியில் துணியை அடைத்துக்கொண்டார்கள். கேப்டன் அக்காவுக்கு அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. எனக்கு முன் பாதம்தான் உள்ளே போனது. குதிகால் வெளியே நின்றது. ஸ்கூலில் பாதிப் பேர் சிரித்தீர்கள். நான் விரலை மடக்கி, பல்லைக் கடித்து, எப்படியோ உள்ளே தள்ளி நாடாவைக் கட்டிவிட்டேன். பின்னாளில்தான் தெரிந்தது, என் சைஸ் நாற்பது.

அதைப் போட்டுக்கொண்டே நாலைந்து நாள் பிராக்டிஸ் செய்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் உயிர் போகும். கட்டை விரல் நகம் இரண்டும் கறுத்தன. நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டேன். ஆனால் முதுகில் தட்டு விழுந்ததும் எழுவதற்குள் எதிராளி தாண்டிப் போய்விடுவாள். கேப்டன் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாடி ஆச்சு உனக்கு? தூங்கிகினு இருக்கியா?"

"ஒண்ணும் இல்லக்கா."

ஒரு நாள் சாக்ஸில் ரத்தம் ஊறியதை பி.டி. டீச்சர் பார்த்துவிட்டார். மரத்தடியில் உட்காரவைத்து, அவரே நாடாவை அவிழ்த்து, பஞ்சு வைத்துத் துடைத்துவிட்டார். எச்.எம். ரூமுக்குப் போய் இவள் மட்டும் வெறுங்காலோடு ஆடட்டும் என்று கேட்டும் பார்த்தார். மேனேஜரை விசேஷ விருந்தாளியாகக் கூப்பிட்டிருக்கிறோம், ஒருத்தி மட்டும் வெறுங்காலில் நின்றால் அவர் முகத்தில் அடித்தது போல ஆகும், டீம் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எச்.எம். சொல்லிவிட்டாராம். பி.டி. டீச்சர் வேலையே அப்போது நிரந்தரமில்லை. அதற்கு மேல் அவர் பேசவில்லை. திரும்பி வந்து என் தோளில் கைவைத்துச் சொன்னார்:

"நீ மத்தவங்க மாதிரி அழுது ஆர்ப்பாட்டம் பண்ற பொண்ணு இல்லம்மா. நீ புரிஞ்சுக்குவே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அழாத பிள்ளைக்கு எல்லாம் புரியும் என்று பெரியவர்கள் எப்படித்தான் முடிவு பண்ணுகிறார்களோ தெரியவில்லை. நல்ல டீச்சர்தான், என்மேல் பிரியமாக இருந்தவர்தான். அன்றைக்கு நான் தரையில் விழுந்து புரண்டிருந்தால் ஏதாவது நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நான் "சரி டீச்சர்" என்றேன்.

டீம் என்று எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பேரில் என் பெயர் இல்லை. எனக்குப் பதில் எட்டாவது படிக்கிற பிள்ளை ஒருத்தியைச் சேர்த்தார்கள், முப்பத்தேழு அவளுக்குச் சரியாக இருந்தது. நான் தினமும் கிரவுண்டுக்குப் போனேன். தண்ணீர்க் குடம் தூக்கினேன், கோடு போட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகு பளிச்சென்று இருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுத்தமான சட்டையையும் எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நாள் முடிவு பண்ணினேன். ஓ.டி. முடித்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். "பிராக்டிஸ்லாம் நல்லா போவுதா? ஷூ கடிக்குதா?" என்று அவளே கேட்டாள்.

"அம்மா, அந்த ஷூ..."

"மொதல்ல கடிக்கும், போவப் போவ எளகிடும். நல்ல கவ் சாஃப்டி தோலு அது. லைன்ல எல்லாரும் கேக்கறாங்க, உம் பொண்ணு எப்படி ஓடுதுன்னு. மேட்ச் அன்னிக்கு..."

மேட்ச் அன்றைக்கு என்ன என்று அவள் முடிக்கவில்லை. கை தட்டிலேயே இருந்தது, கண் மூடிவிட்டது. நான் அவள் கையைக் கழுவித் துடைத்தேன். பிறகு விரலில் ஒட்டியிருந்த பசையை உரிக்க ஆரம்பித்தேன்.

மேட்ச் வேலூர் பாகாயம் பக்கம் ஒரு பெரிய பள்ளி மைதானத்தில். என்னையும் வேனில் கூட்டிப்போனார்கள், பையையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வதற்கு. எதிர் டீம் திருப்பத்தூர். ஷாமியானாவுக்குக் கீழே எச்.எம். அம்மாவும் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்கள். நம் பெண்கள் ஷூ போட்டு அணிவகுத்து வந்தபோது மேனேஜர் கைதட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆட்டம் ஆரம்பித்த பிறகுதான் எதிர்ப்பக்கக் கூட்டத்தில் அம்மாவைப் பார்த்தேன். கம்பெனி லீவு தராது, சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள். அவள் வருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தீபாவளிக்கு எடுத்த மாம்பழக்கலர் புடவையைக் கட்டியிருந்தாள். கூட்டத்துக்குள் நுழைந்து முன்னால் வந்து, கோட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் காலைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். கம்பம்வரை வந்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். நான் பைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

முதல் இன்னிங்ஸ் பார்க்கச் சகிக்கவில்லை. தேயாத புது அடிப்பாகம், வறண்ட மண். திரும்புகிற இடமெல்லாம் வழுக்கியது. அந்த எட்டாவது பிள்ளை கம்பத்தைப் பிடிக்கப் போய் நெஞ்சடிபட விழுந்தாள். ஒருத்தியின் ஷூவிலிருந்து அடைத்த துணி வெளியே வந்து வாலாட்டிக்கொண்டு ஓடியது. திருப்பத்தூர்க்காரிகள் வெறுங்காலில் நம்மைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள், கூட்டம் சிரித்தது. பின்தங்கிவிட்டோம், நன்றாகவே பின்தங்கிவிட்டோம்.

இடைவேளையில் கேப்டன் அக்கா விறுவிறுவென்று என்னிடம் வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. நாடாவை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"எச்.எம். திட்டுவாங்கக்கா," என்றாள் ஒருத்தி.

"திட்டட்டும். தோத்துட்டு வந்தா மட்டும் கொஞ்சுவாங்களா? கழட்டுங்கடி எல்லாரும். ஏய் ஒட்டடை, ஷூவைப் பாத்துக்க."

பி.டி. டீச்சர் பக்கத்திலேயே நின்றிருந்தார். இதைப் பார்த்ததும் திரும்பி நின்று செம்புத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தார். எல்லோரும் கழற்றி முடிக்கிறவரை குடித்துக்கொண்டே இருந்தார். தடுக்காமல் நின்றாரே, அதுவே அவருக்குப் பெரிய தைரியம்.

இரண்டாவது இன்னிங்ஸில் நம் பெண்கள் வேறு ஆட்களாகிவிட்டார்கள். "கோ", "கோ" என்று முதுகில் தட்டு விழுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. நான் என்னை மறந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அம்மா பின்னால் வந்து நின்றாள்.

கேட்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குவிந்து கிடந்த ஷூக்களைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து முந்தானையால் புழுதியைத் துடைத்தாள். தையலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். உள்ளே கைவிட்டு நுனியில் இருந்த துணியை உருவினாள்.

"இது இன்னாடி?"

"அவங்களுக்குப் பெருசா இருந்துச்சு. அதான்."

"உனக்கு?"

அம்மா என் வலது காலை இழுத்துத் தன் மடியில் வைத்தாள். கறுத்துப்போன நகத்தைப் பார்த்தாள். ஷூவின் அடியை என் பாதத்தோடு சேர்த்துவைத்து, குதிகாலுக்குக் குதிகால் பொருத்தினாள். மேலே என் விரல்கள் ஷூவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்நேரமும் பாதத்தின் அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவள், என் காலை அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

கூட்டம் ஓவென்று கத்தியது. ஜெயித்துவிட்டோம். நம் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் ஓடிப்போய் அந்தக் கும்பலுக்குள் விழ வேண்டும் என்றுதான் இருந்தது. அம்மா என் காலை விடவில்லை.

எச்.எம். அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். ஜெயித்துவிட்டதால் வெறுங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சீக்கிரம் ஷூ போடுங்க, போட்டோக்காரர் நிக்கிறார், மேனேஜர் சார் கிளம்பணும்" என்றார். ஒவ்வொருத்தியாக வந்து ஷூவை அம்மா கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனார்கள். இவள் யார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஷூவைக் கேட்டு வாங்கியது இவள்தான் என்று மேனேஜராவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் குரூப்பில் போட்டிருப்பது அப்போது எடுத்த போட்டோதான். இடது ஓரத்தில் ஒரு மாம்பழக்கலர் புடவை முனை தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள். சுவரில் படம் வரைகிறவரிடம் ஷூ வேண்டாம் என்று சொல்லுங்கள். கோ-கோதான் நம் விளையாட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேன் கோப்பையோடு பாட்டுப் பாடிக்கொண்டு கிளம்பிப் போனது. நான் அம்மாவோடு பஸ்ஸில் வந்தேன். ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுவிட்டு அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பள்ளிகொண்டா வருகிறவரைக்கும் நான் வெளியே மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். நான் அழவில்லை. அழுதால் அவளும் அழுதுவிடுவாள் என்று பயமாக இருந்தது.

"பத்தலன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"சொல்ல வந்தேம்மா."

"எப்போ?"

"நீ சாப்ட்டுகினு இருந்தப்போ. பேசிகினு இருக்கும்போதே தூங்கிட்டே."

"எழுப்பி இருக்கலாமே."

எழுப்பினால் அவள் அலறிக்கொண்டு எழுந்து, "மணி இன்னா, வண்டி பூட்ச்சா?" என்றுதான் கேட்பாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? அம்மா எதிர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறவள், அன்றைக்குக் கண்ணையே மூடவில்லை. மாதனூரில் பாதிக் கூட்டம் இறங்கியது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"வேற இன்னா சொல்லாம விட்டுட்டே?" என்றாள். "இப்போ சொல்லு. நான் முழிச்சிகினுதான் இருக்கேன்."

பூட்டின கதவு, சட்டை, நான் தனியாகச் சாப்பிட்ட சோறு என்று மனசில் என்னென்னவோ வந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் ஆம்பூர் வந்துவிட்டது.